வண்ணத்தில் தெரியாத உறைவு

கால் சிரைகளில் இரத்தம் உறைவது மேலை நாட்டாருக்குரிய நோய், ஆசியர்களுக்கு அது அரிது என்னும் நம்பிக்கை பொதுமக்களிடம் மட்டுமன்றி மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. 1996இல் வெளிவந்த மலாயாப் பல்கலைக்கழக எலும்பியல் ஆய்வு அதை அசைத்தது. இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை செய்துகொண்டு, உறைவுத் தடுப்பு மருந்து பெறாதிருந்த 88 பேரின் சிரைகளில் சாயம் ஏற்றிக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது 62.5 விழுக்காட்டினரிடம் உறைவு காணப்பட்டது.

இன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை, கால் வீங்கியவரை மருத்துவர் அனுப்புவது பெரும்பாலும், மீயொலியால் இரத்த ஓட்டத்தைத் திரையில் வண்ணமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்குத்தான். சாயம் போயிற்று, நம்பிக்கைகள் திரைக்கு இடம்பெயர்ந்தன. சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்பது அவற்றுள் முதலாவது. பள்ளிப் பாடநூல் படங்கள் விதைத்த மயக்கம் அது. திரையின் சிவப்பு பொதுவாகக் கருவியை நோக்கி வரும் ஓட்டத்தையும் நீலம் விலகிச் செல்லும் ஓட்டத்தையும் குறிப்பதால், கருவியைச் சற்றே சாய்த்தால் அதே சிரை நிறம் மாறிவிடும். இந்நிறம் கண்டதன்று, கணித்தது. ஒரே திசையில் அடுத்தடுத்து அனுப்பப்படும் மீயொலித் துடிப்புகளின் எதிரொலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் அலைக்கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து ஓட்டத்தின் சராசரி வேகத்தை உடனுக்குடன் பெறும் ஆட்டோகோரிலேஷன் முறையை ஜப்பானின் கசாயி குழுவினர் 1985இல் வெளியிட்டனர்.

வண்ணம் இல்லாத இடத்தில் உறைவு இருக்கிறது என்ற முடிவும் அவசரமானதே. 5 மெகாஹெர்ட்ஸ் அலை 60 பாகைக் கோணத்தில் பாயும்போது, நொடிக்கு 10 சென்டிமீட்டர் நகரும் இரத்தம் ஏறத்தாழ 325 ஹெர்ட்ஸ் அதிர்வெண் மாற்றத்தைத் தரும். 1 சென்டிமீட்டர் மட்டுமே நகர்ந்தால் 32 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். குழாய்ச் சுவரின் அசைவு எழுப்பும் வலுத்த, தாழ்ந்த அதிர்வுகளை நீக்குவதற்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. அதன் எல்லை 50 ஹெர்ட்ஸில் வைக்கப்பட்டிருந்தால், சுவரோடு சேர்ந்து அந்த மெல்லோட்டமும் கழிக்கப்பட்டு, ஓடும் சிரை அடைபட்டதுபோல் தோன்றும். கெண்டைச்சதையைப் பிசைந்து ஓட்டத்தை விரைவுபடுத்திப் பார்ப்பது இதற்காகவும்தான். (அப்போது பெட்டியிலிருந்து எழும் 'உஸ்' என்ற ஓசை இரத்தம் பாயும் சத்தமன்று, அந்த அதிர்வெண் மாற்றம் தற்செயலாகச் செவிக்கு எட்டும் அளவில் அமைந்திருப்பதன் விளைவு.)

ஓடும் சிரை அடைபட்டதுபோல் தோன்றுவதன் மறுபக்கமே கூடுதல் ஆபத்தானது. புதிதாக உறைந்த கட்டி எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்புவதால், ஓடும் இரத்தத்தைப் போலவே கருப்பாகத் தெரியக்கூடும். படத்தில் கட்டி எதுவும் தென்படவில்லை என்பது கட்டி இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆகவேதான், இத்தனை கணிப்புகளுக்குப் பின்னும் முதன்மைச் சோதனை கையழுத்தமாகவே இருக்கிறது: கருவியால் அழுத்தும்போது நலமான சிரை முற்றிலும் தட்டையாகும், உறைவுள்ள சிரை மடங்காது. தொடையிலும் முழங்கால் மடிப்பிலும் சிரைகள் தட்டையாகிவிட்டாலும், கெண்டைக்காலின் சிறு சிரையில் தோன்றிய உறைவு மேல்நோக்கி வளரக்கூடும் என்பதால், ஐயம் நீங்காதபோது ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் ஸ்கேன் செய்யப்படுகிறது. அதைக் கட்டணத்துக்காகச் சொல்லும் சாக்கு என்று கருதுவது இப்பட்டியலின் கடைசி நம்பிக்கை.