தொழில் பாடம்: பழைய மில்லிங் மெஷின் வாங்கும் முன்



நம்ம பிள்ளைகளில் சிலர் பிட்டர் வேலை, லேத் வேலை படித்துவிட்டு வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை போட நினைக்கிறார்கள். "அப்பா, ஈ.பி.எப். காசு வந்ததும் ஒரு பழைய மில்லிங் மெஷின் எடுப்போமா?" என்று மகன் கேட்கிறான். நல்ல யோசனைதான். ஆனால் அது ஆயுள் முழுக்க மலையேறிச் சேர்த்த காசு. பார்க்கத் தெரியாமல் கொடுத்துவிட்டால் திரும்பி வராது. அதனால் இந்தப் பாடத்தில் ஒன்றைத்தான் சொல்லப் போகிறோம்: பெயரையும் பெயின்டையும் பார்த்து வாங்காதீங்க. கையால் சோதித்துப் பார்த்து வாங்குங்க.

இந்த மெஷின் என்ன செய்யும்?

லேத்தில் இரும்பு சுற்றும், வெட்டும் உளி நிற்கும். மில்லிங்கில் கட்டர் சுற்றும். இரும்பை மேசையில் இறுக்கி, மேசையை நகர்த்துவோம். ஸ்டோரில் ஷாப்டின் மேல் புல்லி ஏறி நிற்கும் இடத்தில் ஒரு நீளக் காடியும், அதற்குள் ஒரு கீயும் பார்த்திருப்பீங்க. அந்தக் காடியை வெட்டுவதற்கு இந்த மெஷின் நல்லது. இரும்பின் முகத்தை மட்டமாக்கவும் உதவும்.

1. என்ன மெஷின் என்று கண்டுபிடிப்பது

கட்டர் நிமிர்ந்து நின்றால் நிலை மெஷின். படுத்துச் சுற்றினால் கிடை மெஷின். சின்னப் பட்டறைக்கு நிலை மெஷின்தான் வசதி. பெயர்த் தகடு கழன்று போயிருந்தால் உடம்பு வார்ப்பிலே எழுத்து இருக்கிறதா என்று பாருங்க. 1938இல் அமெரிக்காவில் வெளிவந்த பிரிட்ஜ்போர்ட், இங்கிலாந்தில் செய்த டொம் சீனியர், சென்டெக் எல்லாம் பேர் போன பழைய மெஷின்கள்.

பெயரைவிட முக்கியம் கட்டர் ஏறும் துவாரம். அதன் வாயை அளந்து பாருங்க. 18 மி.மீ. அளவு என்றால் பெரும்பாலும் மோர்ஸ் 2. கிட்டத்தட்ட 24 மி.மீ. என்றால் மோர்ஸ் 3. 32 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவென்றால் இரண்டில் ஒன்று: முகத்தில் இரண்டு கட்டைகள் துருத்தி நின்றால் 30 இன்டர்நெஷனல், முகம் வெறுமையாக இருந்து, உள்ளே ஒரு சின்ன முளை இருந்தால் ஆர்8. இது தெரியாமல் வாங்கினால் கடையில் வாங்கும் கட்டர் பிடி ஒன்றுமே பொருந்தாது.

அடுத்து, அங்குல மெஷினா, மில்லிமீட்டர் மெஷினா? கைப்பிடியை ஒரே பக்கமாக 20 முழுச் சுற்று சுற்றி, மேசை நகர்ந்த தூரத்தை அளங்க. 50.8 மி.மீ. அல்லது 101.6 மி.மீ. என்றால் அங்குலம். 50 அல்லது 100 என்றால் மில்லிமீட்டர்.

2. தேய்மானத்தைப் பார்ப்பது

கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திருப்புங்க. மேசை நகராமல் கைப்பிடி மட்டும் சும்மா சுற்றும் அளவை எண்ணுங்க. இதைத்தான் பெக்லாஷ் என்பார்கள். கொஞ்சம் இருப்பது இயல்பு. நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருந்தால் திருகாணி நடுவில் தேய்ந்திருக்கு என்று அர்த்தம்.

மேசையின் சறுக்குப் பாதையில் கிப் என்ற பட்டை ஒன்று இருக்கும். மேசையை நடுவில் வைத்து அதை இறுக்குங்க. பிறகு ஓரத்துக்குக் கொண்டு போங்க. அங்கே மேசை சிக்கினால் பாதையே தேய்ந்து போயிருக்கு. பெயாரிங் மாற்றலாம், திருகாணியும் மாற்றலாம். பாதையைச் சரிசெய்யத்தான் பெரிய செலவு. அப்படிப்பட்ட மெஷினை விட்டுவிடுங்க.

கடைசியாக கால் மணி நேரம் ஓட விடுங்க. சத்தம் கேளுங்க. நிறுத்திய பிறகு ஸ்பிண்டில் வீட்டைத் தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் பெயாரிங் கோளாறு.

3. கரண்ட்

இதிலேதான் பலர் ஏமாறுகிறார்கள். லயத்துக்கு வருவது 230 வோல்ட் ஒற்றை பேஸ். பழைய தொழிற்சாலை மெஷின் மோட்டர் பெரும்பாலும் மூன்று பேஸ். மோட்டர் தகட்டைப் படிங்க. மூன்று பேஸ் என்றால் மோட்டரை மாற்ற வேணும், அல்லது இன்வெர்ட்டர் பூட்ட வேணும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்க. லயத்து வயரிலே அப்படியே கொளுவ வேண்டாம். தனி வயரும் எர்த்தும் தேர்ந்த எலெக்ட்ரீஷியன்தான் போட வேணும்.

4. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

மெஷினுக்குத் தலை பாரம் அதிகம். ஏற்றும் முன் மேசையைக் கீழே இறக்குங்க. முடிந்தால் தலையைக் கழற்றி எடுங்க. பட்டறை போட தோட்ட நிர்வாகத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்க. கொங்கிரீட் தரையில் நிறுத்தி, காலுக்கடியில் தகடு கொடுத்து, ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் மட்டம் பாருங்க. பழைய எண்ணெயை மண்ணெண்ணெயால் கழுவுங்க, பெற்றோல் வேண்டாம். நம்ம மலையிலே பனியும் ஈரமும் அதிகம். வேலை முடிந்ததும் எண்ணெய் பூசாவிட்டால் துரு பிடிக்கும்.

அடுத்தது தலையை நேராக்குவது. ஸ்பிண்டிலில் டயல் கேஜ் ஒன்றைப் பூட்டி, கரண்டை நிறுத்தி, கையால் சுற்றுங்க. மேசையின் இடப்பக்கம் பூச்சியம் காட்டி வலப்பக்கம் 0.10 மி.மீ. காட்டினால், தலையைத் தளர்த்தி அந்த வித்தியாசத்தில் பாதி மாறும்படி மெல்லத் தட்டி, திரும்பவும் அளங்க. இரண்டு பக்கமும் 0.02க்குள் வரும்வரை விடாதீங்க. முன்பக்கம், பின்பக்கமும் அப்படியே பாருங்க. இதைச் செய்யாவிட்டால் வெட்டும் முகம் தட்டு போல் குழியும்.

உயிருக்கும் கைக்கும்

கட்டர் பல் சுற்றி வரும் திசைக்கு எதிராகவே மேசையைத் தள்ளுங்க. அதே திசையில் தள்ளினால், பெக்லாஷ் உள்ள பழைய மெஷினில் கட்டர் மேசையை இழுத்துக்கொண்டு உடைந்து தெறிக்கும். கையுறை போட்டு வேலை செய்யாதீங்க. தொங்கும் சட்டைக் கை, விரித்த கூந்தல், சேலைத் தலைப்பு எதுவும் அருகில் வரக் கூடாது. கண்ணாடி கட்டாயம்.

நினைவில் வையுங்க

துவாரம், திருகாணி, பாதை, மோட்டர். நான்கையும் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸும் கொடுக்காதீங்க. வேலை தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்க. "நாளைக்கே வேறு ஆள் வாங்கிருவாங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம், "வாங்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாங்க. இன்னொரு மெஷின் கிடைக்கும். அப்பாவின் ஈ.பி.எப். காசு இன்னொரு முறை கிடைக்காது.