ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் என் மகள் அடம்பிடித்தாள் என்று என் கணவர் பெங்களூரில் ஒரு குட்டி ஆமை வாங்கி வந்தார். அப்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பச்சை நிறம், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. இப்போது உள்ளங்கையை மிஞ்சிவிட்டது. மீன் தொட்டி போதவில்லை, தண்ணீர் ஒரே நாற்றம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று மாமியார் தினமும் சொல்லிக் காட்டுகிறார். எங்கள் ஊர் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடலாமா? ஏரியில் ஏற்கெனவே ஆமைகள் இருக்கின்றன. அவற்றோடு இதுவும் பிழைத்துக்கொள்ளாதா?
– ஒரு வாசகி, ராயக்கோட்டை

பதில்: ஏரியிலும் வேண்டாம், குளத்திலும் வேண்டாம். பிழைத்துக்கொள்ளாதா என்று கேட்கிறீர்கள். நன்றாகவே பிழைத்துக்கொள்ளும் அம்மா. என் கவலையே அதுதான்.

அந்தச் சிவப்புக் கோட்டை வைத்தே சொல்லிவிடலாம், உங்கள் வீட்டில் இருப்பது சிவப்புக் காது ஆமை. கடைக்காரர்கள் 'ரெட் இயர்டு ஸ்லைடர்' என்பார்கள். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அங்கே பண்ணை வைத்துப் பெருக்கி, 1989 முதல் 1997 வரை மட்டுமே 5 கோடிக்கு மேல் வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். போன இடமெல்லாம் ஆறு குளங்களில் பெருகியதைப் பார்த்து, 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. நம் ஊருக்கு இது பெரும்பாலும் தாய்லாந்து, மலேசியா வழியாகக் கடத்தலில் வருகிறது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்கத் துறையினர் ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். கண்ணில் தப்பியவை கடைக்கு வந்துவிடுகின்றன.

குட்டியாக விற்பவர், பெண் ஆமை 25 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், 30 வருடம்கூட இருக்கும் என்று சொல்வதில்லை. அதனால் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய உங்கள் நிலைமைதான். இரண்டு மூன்று வருடத்தில் தொட்டி போதாமல் போகும், யாராவது "பாவம், குளத்தில் விடு" என்பார்கள். குவாஹாட்டியில் தீபோர் பீல் ஏரியிலும், உக்ரதாரா கோயில் குளத்திலும் 2018-இல் இந்த ஆமை தென்பட்டது. அதே வருடம் கேரளத்தில் திருச்சூரிலும் ஒரு கால்வாயில் அகப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு விட்டிருக்க மாட்டார்கள். கோயில் குளத்தில் விட்டவர் புண்ணியம் என்றே நினைத்திருப்பார்.

சரி, விட்டால் என்ன ஆகும்? ஆமைக்கு வெயில் சாப்பாடு மாதிரி. உடம்பு சூடேறினால்தான் தின்றது செரிக்கும். குளத்தில் அதற்கு வாகான இடம் கொஞ்சம்தான் இருக்கும்: நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டை, ஒரு பாறை. பிரான்சில் இந்த ஆமையையும் அந்நாட்டுக் குளத்து ஆமையையும் ஒரே குளத்தில் விட்டு ஆராய்ந்தார்கள். வெயில் காயும் நல்ல இடங்களை வந்த ஆமை பிடித்துக்கொண்டது. ஊர் ஆமை எடை குறைந்தது, கூடுதலாகச் செத்தும் போனது. கடிக்கவோ சண்டை போடவோ தேவையே இருக்கவில்லை. இதோடு தவளைக்குஞ்சு, நத்தை, மீன், நீர்ச்செடி என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும். தொட்டியில் வளர்ந்தபோது ஒட்டிய நோய்க்கிருமிகளும் கூடவே போகும்.

உங்கள் பக்கத்து ஏரிகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கருத்த ஓடுள்ள காராமை. இன்னொன்று பாலாமை, தோல் போர்த்திய வழவழப்பான ஓடு, மூக்கு பன்றிக்குட்டி மூக்கு போல நீண்டிருக்கும். அது பின்னங்கால்களை உள்ளே இழுத்ததும் அடிப்பக்கத்தில் இரண்டு சதை மடல்கள் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். கோடையில் ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து, அடுத்த மழைவரை அப்படியே கிடக்கும். நம் வானம் பார்த்த ஏரிகளுக்கென்றே பழகிய பிராணி.

ஏரி வற்றினால் உங்கள் ஆமை செத்துப்போகுமே, பிறகென்ன பயம் என்று தோன்றலாம். இந்த ஆமை தரையிலும் நன்றாக நடக்கும். கிணறு, தக்காளித் தோட்டத்துப் பண்ணைக்குட்டை என்று வற்றாத தண்ணீரைத் தேடிப் போய்விடும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீர் தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் மலைபோல நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நுரை வருகிற வழியில் ஆமை வர எவ்வளவு நேரம்? அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று ஆறு போய்க்கொண்டே இருக்கிறது. ஒகேனக்கல் போகும்போது காவிரியில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்களே, அங்கே காப்பாற்ற வேண்டிய பிராணிகளில் ஒன்று லீத்தின் மென்ஓட்டு ஆமை. இந்தியத் தீபகற்பத்து ஆறுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம், அழிவின் விளிம்பில் நிற்கிறது.

வளர்த்ததை வெளியே விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா சாட்சி. வளர்ப்புப் பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் வெளியேறி எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் முழுக்கப் பரவின. ரக்கூன் போன்ற சிறு விலங்குகள் பல இடங்களில் கண்ணில் படுவதே அரிதானது. பாம்பு பிடிக்க 2017-இல் நம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்தில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் பாம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இனி உங்கள் ஆமைக்கு வருவோம். வைத்துக்கொள்ள முடிந்தால் கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டு அகலமான பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் செங்கல் அடுக்கி, தண்ணீருக்கு மேல் ஏறி உட்கார இடம் செய்யுங்கள். காலை வெயில் நேராகப் பட வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது. ஒதுங்க நிழலும், காக்கையும் நாயும் வராமல் மேலே கம்பிவலையும் வேண்டும். தீனியைத் தனி வாளியில் வைத்துத் தின்னவிட்டுப் பிறகு தொட்டியில் விட்டால் பாதி நாற்றம் குறையும். வளர்ந்த ஆமைக்குக் கீரையைக் கூட்டுங்கள். முன்னங்கால் நகங்கள் குட்டையாக இருந்தால் பெண்ணாக இருக்கலாம். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், அதற்கு மணல் வைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமை மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும். குழந்தைகளுக்கு அது பரவியதால்தான் 1975-இல் அமெரிக்காவிலேயே நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வைத்துக்கொள்ளவே முடியாது என்றால் ராயக்கோட்டை வனச்சரக அலுவலகத்தில் விவரம் சொல்லி, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்தின்படி, இப்படிப்பட்ட அயல் இனங்களின் இறக்குமதி, விற்பனை, வளர்ப்பு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அமீனா விஷயத்தில் மட்டும் என்னால் உதவ முடியாது என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

ஏரிக்கரையில் வேறு யாராவது விட்ட ஆமை கண்ணில் பட்டால், தலையின் பக்கவாட்டையும் முதுகு ஓட்டையும் படம் எடுத்து அதே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வயதாக ஆக அந்தச் சிவப்பு மங்கிக் கருத்துவிடும், ஆகவே கோடு இல்லை என்பதால் நம் ஆமை என்று முடிவு செய்ய வேண்டாம். பாலாமையாக இருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். அது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி, வீட்டுக்குக் கொண்டுவந்தால் வழக்கு வரும்.