தாசிலும் மகசூலும்: ‘ஹ-ஸ-ல’ என்னும் அரபு வேரின் தமிழ்க் கிளைகள்

மதுக்கரை இன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் தனி வட்டம். அதன் வட்டாட்சியர் அலுவலகம் மக்கள் வழக்கில் ‘தாசில்தார் ஆபீஸ்’. அங்கு மனுவுடன் வரும் உழவர், இவ்வாண்டு மகசூல் குறைந்துவிட்டதெனத் தாசில்தாரிடம் முறையிடும்போது, ஒரே அரபு வேரில் பிறந்த இரு சொற்களை அடுத்தடுத்து ஆளுகிறார். அவ்வுறவு பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் புலப்படுவதில்லை. அகரவரிசையில் அமைந்த தமிழ்ப் பேரகராதியிலும் ஒன்று தகரத்தில், மற்றது மகரத்தில் என இரண்டும் விலகியே நிற்கின்றன. அவ்விரு சொற்களின் பிறப்பையும், தமிழில் அவை பிரிந்த வகையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேரும் அதன் பொருளும்

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலாகிய வேரிலிருந்து குறிப்பிட்ட வாய்பாடுகளின்வழிப் பிறப்பவை. ஹா, ஸாத், லாம் ஆகிய மூன்றும் சேர்ந்த வேரிலிருந்து ‘ஹஸல’ (கிடைத்தது, நிகழ்ந்தது) என்னும் வினையும், ‘ஹாஸில்’ (எஞ்சியது, விளைவு), ‘மஹ்ஸூல்’ (பெறப்பட்டது), ‘தஹ்ஸீல்’ (திரட்டல்) ஆகிய பெயர்களும் தோன்றின. குர்ஆனில் இவ்வேர் ஒரே ஓரிடத்தில், நூறாம் அத்தியாயத்தில், வருகிறது. நெஞ்சங்களில் உள்ளவை வெளிக்கொணரப்படுதலை அது அங்குக் குறிக்கிறது.

பழைய அரபு அகராதியாளர் தரும் விளக்கம் தமிழாய்வுக்கு மிகவும் பயன்படுவது. ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியைத் தொகுத்த இப்னு மன்ஸூர், மற்றவை நீங்கியபின் நிலைத்து எஞ்சுவதே ‘ஹாஸில்’ என்கிறார். கணக்கும் செயலும் அதற்கு அவர் காட்டும் களங்கள். ராகிப் அல்-இஸ்ஃபஹானி ‘தஹ்ஸீல்’ என்பதை உமியிலிருந்து மணியைப் பிரித்தலாகவும், சுரங்கக் கல்லிலிருந்து பொன்னைப் பிரித்தலாகவும் விளக்குகிறார். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்ட மதுக்கரைக்கு இவ்வுவமை அயலானதன்று. ஆக, இவ்வேரின் அடிப்பொருள் வெறும் ‘பெறுதல்’ அன்று; கழிவு நீக்கி எஞ்சியதைக் கைக்கொள்ளுதல் என்பதே பொருத்தம். களத்தில் தூற்றி அளக்கப்படும் தானியமும், கணக்கில் தேறி நிற்கும் தொகையும் இப்பொருளில் ஒன்றே.

ஒலி பிரித்த உடன்பிறப்புகள்

பாரசீக ஆட்சிமொழியின் வழியாகவே இச்சொற்கள் தென்னாட்டை அடைந்தன. ‘தாசில்தார்’ என்பதன் ‘தார்’ பாரசீக விகுதி. ஜமீன்தார், சுபேதார் ஆகியவற்றிலும் அதுவே உள்ளது. தமிழ், சொல்லிடையில் ஹகர மெய்யை ஏற்காமல் உயிர் சேர்த்துக் ககரமாக்கும். அஹ்மத் ‘அகமது’ என்றும் மஹ்மூத் ‘மகமூது’ என்றும் ஆனது இவ்வாறே. மஹ்ஸூல் ‘மகசூல்’ ஆனதும் இவ்விதிப்படியே. ‘தஹ்ஸீல்’ மட்டும் ‘தகசீல்’ ஆகவில்லை. ஹகரம் கெட்டு முன்னுயிர் நீண்டு ‘தாசில்’ ஆயிற்று. விகுதியேற்று நீண்ட பதவிப்பெயர் அன்றாட அலுவலகப் பேச்சில் சுருங்கியதே காரணம் எனக் கருத இடமுண்டு. காரணம் எதுவாயினும், இரு சொற்களுக்கும் பொதுவாயிருந்த முகம் இதனால் அழிந்தது.

மறுபுறம், உறவில்லாத சொற்கள் உறவு போல ஒலிக்கத் தொடங்கின. ‘வசூல்’ மகசூலோடு இயைந்து ஒலித்தாலும் அது வாவ்-ஸாத்-லாம் வேரினது; ‘வுஸூல்’ என்றால் வந்து சேர்தல். கருவூலத்திற்கு வந்து சேர்ந்த பணமே வசூல். ‘பசலி’, ‘பைசல்’ இரண்டும் ஃபா-ஸாத்-லாம் வேரினவை. பிரித்தல் என்பது அவ்வேரின் பொருள். காலத்தைப் பிரிப்பது பருவம், வழக்கைப் பிரித்துத் தீர்ப்பது பைசல். 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது பசலி 1434. இந்தியில் ‘ஃபஸல்’ என்பது பயிரையே குறிப்பதால், பொருள் ஒப்புமையை மட்டும் கொண்டு வேர் காண முயல்வோர் இங்கு எளிதில் வழிதவறுவர்.

பொருட்பிரிவு

மராத்தியில் ‘மஹசூல்’ என்பது அரசு வருவாய். உருதுவில் அது சுங்கம், கட்டணம். தமிழிலோ அச்சொல் நிலத்தின் விளைவளவைச் சுட்டுகிறது. இக்கால அரபியிலும் ‘மஹ்ஸூல்’ பயிர் விளைச்சலே. வருவாய்த்துறை வழியாக வந்த சொல் தமிழில் அரபுப் பொருளுக்கு அண்மையில் நிற்பது வியப்புக்குரியது. இதற்கு வரிமுறை மாற்றம் ஒரு காரணமாகலாம். விளைச்சலில் ஒரு பங்கே வரியாக இருந்த நாளில், விளைவும் வருவாயும் ஒரே சொல்லில் அடங்கின. 1792இல் கம்பெனியிடம் வந்த பாராமகாலில் ரீடும் மன்றோவும் தொடங்கிய முயற்சி ரயத்துவாரி முறையாக வளர்ந்தபோது, வரி நிலத்தின்மீது பணமாக விதிக்கப்பட்டது. அரசின் பங்குக்குத் ‘தீர்வை’, ‘கிஸ்தி’ போன்ற சொற்கள் இருந்தன. ‘மகசூல்’ உழவரிடம் தங்கிவிட்டது.

கொங்கு வழக்கில் அது ‘வெள்ளாமை’க்கு மாற்றாகவும் ஆகவில்லை. வெள்ளாமை என்பது பயிரிடும் தொழிலும் நிற்கும் பயிரும். மகசூல் என்பது அளந்து கண்ட அளவு. வெள்ளாமை நன்றாக இருந்தும் மகசூல் இல்லை எனக் கூறுவதில் முரண் இல்லை. அரபு அகராதியாளர் சொன்ன ‘எஞ்சியது’ என்னும் பொருள் இங்கு முழுமையாக உயிரோடிருக்கிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் வெளியீடுகளும் ‘மகசூல்’ என்பதை ஆண்டுவருவதற்கு இந்நுட்பம் துணைநின்றிருக்கலாம்.

‘தாசில்தார்’ என்பதற்கு அமைந்த தமிழாக்கத்தில் இத்தகைய நுட்பம் காக்கப்படவில்லை. ஆங்கிலக் ‘கலெக்டர்’, பாரசீகத் ‘தாசில்தார்’ ஆகிய இரண்டும் பொருளளவில் ஒன்றே: திரட்டுபவர். தமிழாக்கத்தில் ஒருவர் மாவட்ட ஆட்சியரும் மற்றவர் வட்டாட்சியரும் ஆயினர். திரட்டும் பணி மறைந்து ஆளும் பணி பெயரேறியது. இன்றைய பணிகளின் விரிவுக்கு அது ஏற்றதே எனலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களைப் பெயர்ப்போர் ‘தாசில்தார்’ என்ற இடமெல்லாம் ‘வட்டாட்சியர்’ என எழுதுவது, அக்கால உழவர் அப்பதவியை எதனால் அறிந்தனர் என்பதை மறைத்துவிடுகிறது. வரி திரட்டுதலைக் கல்வெட்டுத் தமிழ் ‘தண்டுதல்’ என்றது. ‘தண்டல்’ என்னும் பெயர் தஹ்ஸீலுக்கு நேர் நிற்பது. கலைச்சொல் ஆக்கியோர் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. அச்சொல் இன்று சென்னைத் தெருக்களில் நாள்தோறும் வட்டிப்பணம் திரட்டுவோரிடம் வழங்குகிறது.