சிஸ்டர் ஏன் பக்கத்துப் படுக்கைக்கு ஓடினார்?

கேள்வி: குடல் அறுவை சிகிச்சை முடிந்த என் அப்பா வார்டில் வலியால் கத்தினார். சிஸ்டரோ, சத்தமின்றிப் படுத்திருந்த பக்கத்து நோயாளியிடம் ஓடினார். இது நியாயமா?
- வாசகி, தாராவி

பதில்: அப்பாவின் வலிக்கு மருந்து கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் செவிலியர் முதலில் பார்ப்பது மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, பிறகு ரத்த ஓட்டம். கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. திடீரென்று அடங்கிப்போனவரிடம்தான் ஆபத்து அதிகம். உள்ளே ரத்தம் கசிந்தால், ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே பெரும்பாலும் நாடித்துடிப்பு கூடும், மூச்சு வேகமாகும், கைகால் சில்லிடும்.

சத்தமில்லாத இந்த ஆபத்தைத் தாராவி கண்ணால் பார்த்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா தொற்று தெரியவந்த பிறகு, சந்து சந்தாகப் போன குழுக்கள் காய்ச்சலோடு ஆக்சிஜன் அளவையும் பார்த்தன. மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் சரிவது அந்த நோயின் கொடுமை.

அவசரமாகத் தோன்றாத வேலையும் உயிர் காக்கும். பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் 1973இல் கொடூரமாகத் தாக்கப்பட்ட செவிலியர் அருணா ஷான்பாக்கை, 2015இல் அவர் இறக்கும்வரை சக செவிலியர்களே பராமரித்தார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது என எதையும் விடவில்லை. அருணா தொடர்பான வழக்கின் 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்களை மனமாரப் பாராட்டியது.

அடுத்த முறை சிஸ்டரைக் கூப்பிடும்போது, வலியோடு மூச்சு வேகம், குழப்பமான பேச்சு, காயக்கட்டில் ரத்தம் என்று நீங்கள் கண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அம்மா. யாரை முதலில் பார்ப்பது என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.