பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது?



போன மாதம் நாங்கள் குழுக் கூட்டங்களுக்கு வந்தபோது, சேமிப்பும் கடன் தவணையும் பேசி முடித்த பிறகு பல ஊர்களில் கேட்ட கேள்வி இது. முன்பெல்லாம் அம்முச்சியோ அப்பத்தாவோ வீட்டில் இருந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அவர்களும் தேங்காய்க் களத்துக்குப் பருப்பு காயப்போடப் போகிறார்கள். விடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. பிள்ளையைக் களத்துக்குத் தூக்கிப் போனால் வெயில், அரிசி ஆலைக்குக் கொண்டு போனால் உமித் தூசி. கடைசியில் நாலாவது படிக்கிற அக்கா பள்ளிக்கூடம் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இப்படி ஒரு வீடு மட்டும் அல்ல, பல வீடுகளைப் பார்த்துவிட்டோம்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது அங்கன்வாடி. நாம் பால்வாடி என்று சொல்வதுதான். 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் வந்தது. சின்னப் பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கே கொடுப்பார்கள். 2 வயது முடிந்த பிள்ளை மையத்தில் உட்கார்ந்து ஆட்டம், பாட்டு, மதிய சாப்பாடு எல்லாம் பெறும். வாரத்துக்கு 3 முட்டை உண்டு. மாதா மாதம் எடை போட்டு எழுதுவார்கள். "காசு கட்டாத இடத்துல என்னங்க சொல்லிக் குடுப்பாங்க?" என்று ஒரு சகோதரி கேட்டார். எடை குறைந்தால் உடனே சொல்லும் இடம், காசு வாங்கும் இடங்களில் எத்தனை இருக்கிறது என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம்.

பால்வாடியில் உண்மையான குறை நேரம்தான். மையம் மூடிய பிறகும் கம்பெனி வேன் திரும்பி வருவதில்லை. கைப்பிள்ளையையும் அங்கே நாள் முழுக்க விட முடியாது. அதனால்தான் தனியார் காப்பகத்தைத் தேடுகிறோம். அதில் தப்பில்லை. எப்படித் தேடுகிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவர் ஒன்றரை வயதுப் பையனை ஒரு வீட்டுக் காப்பகத்தில் விட்டார். "எம்புள்ள அங்க அழுவறதே இல்லீங்க, சமத்தா தூங்கறானுங்க" என்று பெருமையாகச் சொன்னார். நாங்களும் நல்ல இடம் என்றே நினைத்து இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டோம். ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் மதியமே வேன் திரும்பியது. போய்ப் பார்த்தால் பதினோரு பிள்ளைகளும் வரிசையாகத் தூங்குகிறார்கள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயா. ஜன்னலில் இருமல் மருந்து பாட்டில். சளி யாருக்கும் இல்லை. ஆளுக்கு ஒரு மூடி ஊற்றியிருக்கிறார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஒன்றும் ஆகவில்லை. 2 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இருமல் மருந்தே தரக்கூடாது, 5 வயது வரைக்கும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. நாங்கள் அந்த இடத்தை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமல் மற்றவர்களுக்குச் சொன்னது எங்கள் தவறு.

ஆகவே சேர்க்கும் முன் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, சொல்லாமல் கொள்ளாமல் மதிய நேரத்தில் போங்கள். காலையில் எல்லா இடமும் கூட்டித் துடைத்துத்தான் இருக்கும். எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்று எண்ணுங்கள். கைப்பிள்ளையும் ஓடுகிற பிள்ளையும் ஒரே ஆளிடம் இருந்தால் யாரோ ஒருவர் கவனிப்பில்லாமல்தான் இருப்பார். சாப்பாட்டை ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள். கக்கூஸ், குடிதண்ணீர், கேட் கொண்டி எல்லாம் பாருங்கள். நம் பக்கம் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத தோட்டம் ஏது? அதற்கு மூடி இருக்கிறதா? அடுப்பு எங்கே, மேலே கூரை எது என்று கட்டாயம் பாருங்கள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்கட்டில் பிடித்த தீ ஓலைக் கூரையில் பரவி 94 பிள்ளைகள் செத்துப் போனார்கள். விளையாட்டுப் பள்ளி என்று போர்டு வைத்திருந்தால் அரசு அனுமதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

"நடுவுல வந்து பாத்தா புள்ள ஏங்கிப் போயிருமுங்க, உள்ள வராதீங்க" என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். சேர்த்த பிறகும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிள்ளை மந்தமாக இருந்தால், அந்த ஆயாவைப் பார்த்ததும் உடம்பை இறுக்கிக்கொண்டால், அதட்டாமல் கவனியுங்கள். சந்தேகம் வலுத்தால் 1098க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017ல் பேறுகாலச் சட்டத்தில் சேர்த்தார்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இது இருக்கிறது. ஒருவர் தனியாகக் கேட்டால் "நாளைக்கு வேன்ல ஏறாத" என்பார்கள். ஒரே வேனில் போகும் பன்னிரண்டு பேர் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர் பால்வாடி எத்தனை மணிக்கு மூடுகிறது, 2 வயதுக்குள் எத்தனை பிள்ளைகள், யார் யார் எந்த வேனில் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பால்வாடியோடு காப்பகமும் சேர்த்து நடத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு மனு எழுத இந்தக் கணக்கு வேண்டும்.