பழைய ஃபெரியில் குடியிருப்பு: நம்புவதும் நடப்பதும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் குறுக்கே பே பிரிட்ஜ் 1936-லும் கோல்டன் கேட் பாலம் 1937-லும் திறந்தன. அதோடு ஃபெரிகளின் காலம் இறங்குமுகமானது. பல உடைக்கப்பட்டன, சில சாசலிட்டோ கரையோரம் வீடுகளாயின. அவற்றில் பேர்பெற்றது 1879-இல் போர்ட்லண்டில் கட்டிய 'வலேஹோ'. மேர் ஐலண்டு கடற்படைத் தளத்துக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற படகு அது. 1949-இல் ஓவியர் ழான் வார்டா நண்பர்களோடு சேர்ந்து அதை வாங்கினார். 1960களில் எழுத்தாளர் ஆலன் வாட்ஸும் அங்கே வாழ்ந்தார். அந்த வாழ்க்கையின் கவர்ச்சியில் பல தவறான எண்ணங்களும் பரவிவிட்டன.

கடல் நீர்தான் மரத்தை அழிக்கும் என்பது முதல் எண்ணம். உண்மையில் உளுக்கச் செய்வது பெரும்பாலும் மழைநீர். மேல்தளத்து இடுக்கு வழியாக இறங்கி, காற்றுப் புகாத மூலையில் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். உப்பு பூஞ்சையைத் தடுக்கும். அதனால்தான் மரக்கப்பல் கட்டியவர்கள் சட்டங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பினார்கள். சோதிப்பவர் கையில் இருப்பது சிறு சுத்தியல்தான். நல்ல மரம் 'ணங்'கென்று ஒலிக்கும். உளுத்தது 'தொப்'பென்று அமுங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கூர்முனையை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கும். கடல் நீரும் முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மரம் துளைக்கும் கப்பற்புழு அதில்தான் வாழ்கிறது. புழு என்கிறோமே தவிர, அது சிப்பி இனம். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே விரிகுடாவின் வடபகுதியில் துறைமுக மேடைகளையே அது சரித்தது.

படகு ஆடும், தலை சுற்றும் என்ற பயம் வேண்டாம். ஃபெரிகள் அகலமானவை, சாசலிட்டோவை ஒட்டிய ரிச்சர்ட்சன் விரிகுடாவோ ஆழமற்றது. நீர் வற்றும் நேரத்தில் பல மிதக்கும் வீடுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

கயிற்றை அவிழ்த்தால் கிளம்பிவிடலாம் என்பது பலருக்குப் பிடித்த கனவு. வீடாக்கும்போது எஞ்சினையும் கொதிகலனையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பிறகு இழுவைப் படகு இல்லாமல் நகராது. இறக்கிய எடைக்கு ஈடாகப் பாரம் ஏற்றாவிட்டால் படகு சமநிலை கெட்டுச் சாயவும் செய்யும். அதைவிட ஆபத்து, நடுவே நிற்கும் கம்பங்களையும் இரும்புக் கம்பிகளையும் அறைக்கு இடைஞ்சல் என்று அறுப்பது. இரு முனைகளும் தொங்காமல் பிடித்திருப்பவை அவைதான். அறுத்தால் மெல்ல மெல்லப் படகின் முதுகு வளைந்துவிடும். இதைச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது.

வாடகை இல்லாத வாழ்க்கை என்பதும் சரியல்ல. துறைக்கட்டணம், காப்பீடு, கரையோடு இணைத்த கழிவுநீர்க் குழாய், அடிப்புறத்தைப் பார்க்க உலர்துறைச் செலவு எல்லாம் வரும். பழைய ஃபெரியை மலிவாக விற்பதே இந்தச் செலவுக்குப் பயந்துதான். வாங்க நினைப்பவர் சமையலறைக்கு அளவெடுக்கும் முன், சுத்தியலோடு ஒரு நிபுணரை அடித்தளத்துக்கு அனுப்பட்டும்.