பாலையும் விட்டால் பி12 எங்கிருந்து?

கேள்வி: ஒரு வருடமாகப் பால், தயிர்கூடத் தொடுவதில்லை. கீரை, பயறு, நிலக்கடலை நிறையச் சாப்பிடுகிறேன். சத்துக்குறைவு வருமா?

பதில்: புரதத்துக்குக் கவலை வேண்டாம், பயறும் கடலையும் பார்த்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. அதைத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள், செடிகள் அல்ல. அதனால் கீரையையோ பருப்பையோ நம்ப முடியாது. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். தினசரித் தேவை சுமார் 2 மைக்ரோகிராம்தான். ஆனால் கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால், குறைவது உடனே தெரியாது. கீரையில் நிறைந்த ஃபோலேட், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிட, நரம்புகள் உள்ளுக்குள் பாதிக்கப்படலாம். எனக்குப் பயம் இதுதான். கால் மரத்துப்போதல், மறதி, நாக்கு எரிச்சல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.